மலைக் குளிரில் காலை உணவு: எந்த இனிப்பைக் காரமாக்கலாம், எதை விட்டுவிடலாம்?

குன்னூரில் மார்கழி பிறந்துவிட்டால் இட்லி மாவை நம்ப முடியாது. வெந்நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பு மேடையின் சூட்டிலேயே வைத்தாலும் விடியும்போது மாவு வைத்தது வைத்தபடியே கிடக்கும். மாவு நன்றாகப் புளிக்க 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். இங்கே குளிர்கால இரவில் அது 10 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. ஊட்டியில் உறைபனியே விழுகிறது. ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் புளிக்க வைக்கத் தேவையில்லாத பண்டங்களின் பக்கமே காலை உணவு சாய்கிறது. ஓட்ஸ் கஞ்சி, ரொட்டியும் ஜாமும், வெல்லம் கரைத்த கோதுமை தோசை, சர்க்கரை போட்ட ராகிக் கஞ்சி, பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பான்கேக். வரிசையைப் பாருங்கள், அத்தனையும் இனிப்பு.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த சக்தியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். கஞ்சியில் இரண்டு தேக்கரண்டி, தேநீரில் இரண்டு தேக்கரண்டி, ரொட்டியில் ஒரு கரண்டி ஜாம் என்று போனால் எட்டு மணிக்கு முன்பே அந்த அளவு முடிந்துவிடுகிறது. பிறகு பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட், மாலைத் தேநீரோடு வர்க்கி என்று நாள் இன்னும் நீளமாகக் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அத்தை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஏழரைக்கே பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கணவர் என்று எல்லோரும் ஒரே அடுப்பில்தான் உண்கிறோம். ஆகவே, இந்த இனிப்புப் பண்டங்களில் எவற்றைக் கார உணவாக மாற்றலாம், எது வேலைக்குத் தகுந்த பலன் தரும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்ற கேள்வி எனக்கு அன்றாடக் கேள்வி. நான் எடைபோட்ட விதத்தை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரையை எடுத்துவிட்டு உப்பைப் போட்டால் பண்டம் காரமாகிவிடாது. சர்க்கரை அங்கே இனிப்பைத் தவிர வேறு பல வேலைகளையும் செய்துகொண்டிருந்தது. மாவில் ஈரத்தைப் பிடித்து வைத்தது, கோதுமையின் பசைத்தன்மை இறுகாமல் பார்த்துக்கொண்டது, கல்லில் பட்டதும் சிவந்து நிறம் கொடுத்தது, ராகியிலும் ஓட்ஸிலும் உள்ள லேசான கசப்பை மறைத்தது. அதை எடுத்த இடத்தில் இந்த வேலைகளைச் செய்ய வேறு ஆள் வேண்டும். மென்மைக்குத் தயிரும் வெண்ணெயும், நிறத்துக்கு நெய்யும் சீஸும், கசப்பை அடக்க உப்பும் புளிப்பும். உப்பு கசப்பைத் தணிக்கும் என்பது நெல்லிக்காயை உப்பில் தொட்டுத் தின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த மாற்று ஆளைத் தேடாமல் சர்க்கரையை மட்டும் நீக்கியவர்கள்தான் "கார ஓட்ஸ் வாயில் வைக்க முடியவில்லை" என்கிறார்கள்.

இன்னொன்று, உயரம். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. 1850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2240 மீட்டரில் உள்ள ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி முன்னதாகவே. கொடைக்கானலும் ஊட்டிக்குச் சற்றுக் கீழேதான். சமவெளிக்காரர் எழுதிய குறிப்பில் "5 நிமிடம் வேகவிடவும்" என்று இருந்தால் நமக்கு அது 7, 8 நிமிடம். திறந்த பாத்திரத்தில் பருப்பு மசிவதற்குள் பொறுமை போய்விடும், குக்கரே துணை.

இனி ஓட்ஸ். என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். காரணம், மாற்றுவதற்கு மிக எளிது, மாற்றினால் கிடைக்கும் லாபமும் மிக அதிகம். பால், சர்க்கரை, வாழைப்பழம் என்று குழைத்த கஞ்சியைப் பிள்ளைகள் எட்டு மணிக்குக் குடித்தால் பத்தரைக்குப் பசிக்கிறது. அதே ஓட்ஸைப் பாசிப்பருப்போடு பொங்கலாகச் செய்தால் மதியம் வரை தாங்குகிறது. பருப்பின் புரதமும் நெய்யும் உள்ளே இருப்பதால் வரும் வித்தியாசம் அது.

செய்முறையில் கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. ஓட்ஸின் பசைக்குக் காரணம் அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து. ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுவதாகச் சொல்லப்படுவதும் அதுவேதான், ஆகவே அதைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பச்சை ஓட்ஸைத் தண்ணீரில் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் அது கரைந்து வந்து முழுவதையும் கூழாக்கிவிடும். இனிப்புக் கஞ்சியில் அந்தக் கொழகொழப்பை நாக்கு ஏற்றுக்கொள்கிறது, உப்பு போட்ட உணவில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே வாணலியில் ஒரு கரண்டி நெய் விட்டு, ஒரு கப் ஓட்ஸை மெல்லிய தீயில் வறுத்துவிடுங்கள். பச்சை வாசனை போய், வறுத்த கடலையை நினைவூட்டும் மணம் எழும்போது இறக்கிவிடலாம். கால் கப் பாசிப்பருப்பு குக்கரில் தனியாகக் குழைய வேக வேண்டும், கீழ்நாட்டு அளவைவிட ஒரு விசில் கூட. பிறகு இரண்டரை கப் கொதிநீரில் முதலில் உப்பு, அதன் பின் வறுத்த ஓட்ஸ், அடுத்துப் பருப்பு. இரண்டு மூன்று தடவைக்கு மேல் கிளறக் கூடாது. உப்பைக் கடைசியில் தூவினால் மேலே மட்டும் கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும்.

தாளிப்பில்தான் மலையின் கை தெரியும். நெய்யில் சீரகம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை. அதற்கு முன்னால் மெல்லிய வில்லைகளாக நறுக்கிய மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணமும் காரமும் சந்தையில் கிடைக்கும் மற்றப் பூண்டைவிடத் தூக்கல். வில்லைகளின் விளிம்பு பொன்னிறமாகி நடுப்பகுதி இன்னும் வெளுப்பாக இருக்கும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிடுங்கள்; மீதி வேலையை நெய்யின் சூடே பார்த்துக்கொள்ளும். முழுக்கச் சிவக்கும் வரை காத்திருந்தால் இறக்கும்போது கருகிக் கசந்துவிடும். பருப்பு வேண்டாம் என்பவர்கள் வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸும் உருளைக்கிழங்கும் சேர்க்கலாம். லீக்ஸை நம் மலையிலேயே விளைவித்து ஓட்டல்களுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் தொடாமல் இருக்கிறோம். வெண்ணெயில் வதக்கினால் வெங்காயத்தைவிட மென்மையான சுவை.

அடுத்தது ரொட்டி. பால், முட்டை, சர்க்கரையில் தோய்த்துச் சுடும் பாம்பே டோஸ்ட் எல்லா வீட்டுக்கும் தெரியும். அதைக் காரமாக மாற்றுவதில் ருசி என்னவோ ஓட்ஸைவிட ஒரு படி மேல். பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவதும் இதைத்தான். ஆனால் அத்தையின் தட்டில் இதை அடிக்கடி வைக்க எனக்கு மனமில்லை. உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டில் வெள்ளை ரொட்டிக்குச் சுமார் 75. சாதாரண தட்டை ஓட்ஸ் கஞ்சிக்குச் சுமார் 55. அதே ஓட்ஸைப் பொடியாக்கிய உடனடி வகைக்கோ 79. இனிப்பில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பண்டம் சர்க்கரை நோயாளிக்கு நல்லதாகிவிடாது என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடுகின்றன. ஓட்ஸ் வாங்கும்போதும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத் தட்டையான முழு ஓட்ஸை எடுங்கள்.

ரொட்டியில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரொட்டியின் மாவுச்சத்து இறுகிப் போவது குளிரில்தான் வேகம். சமவெளியில் மேசைமேல் வைத்த ரொட்டி மெத்தென்றே இருந்து, பின்பு பூஞ்சை பிடிக்கும்; இங்கே குளிர்காலத்தில் பூஞ்சைக்கு முன்னால் விறைத்துவிடும். ஜாம் தடவிச் சாப்பிட அது ஆகாது. முட்டைக் கலவையில் தோய்க்க அதைவிடப் பொருத்தமானது கிடையாது, ஊறினாலும் பிய்ந்து போகாது. பேக்கரியில் இனிப்பு ரொட்டி, உப்பு ரொட்டி என்று இரண்டு இருக்கும். உப்பு ரொட்டி என்று கேட்டு வாங்க வேண்டும். இனிப்பு ரொட்டியில் பச்சை மிளகாயைச் சேர்த்தால் இரண்டும் கெட்டானாகிவிடும்.

நான்கு துண்டுக்கு மூன்று முட்டை, அரை கப் பால், உப்பு, மிளகு, கொத்தமல்லி. வெங்காயத்தைப் பச்சையாகப் போடாமல் முன்கூட்டியே வதக்கிப் போடுங்கள். உப்பு பட்டதும் அது நீர் விட்டுக் கலவையை நீர்க்கச் செய்துவிடும், கல்லில் ரொட்டி வேகாமல் அவியும். சர்க்கரை இல்லாததால் நிறம் மெதுவாகத்தான் வரும். தீயைக் கூட்டி அவசரப்படுத்தாமல், இறக்குவதற்குச் சற்று முன் துருவிய சீஸைக் கல்லிலேயே தூவி, அதன்மேல் ரொட்டியைத் திருப்பிப் போட்டால் அடியில் மொறுமொறுவென்று செம்பழுப்பு ஏடு பிடிக்கும். அந்த ஏட்டுக்காகவே எங்கள் வீட்டில் போட்டி நடக்கும். முட்டை சேர்க்காத வீடுகளில் கடலை மாவைத் தயிரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, ஓமம் சேர்த்துத் தோய்க்கலாம். ருசி வேறு, திருப்தி அதே.

தொட்டுக்கொள்ளப் பாட்டில் தக்காளி சாஸை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. முன்வாசலில் அனுப்பிய இனிப்பைப் பின்வாசல் வழியாக அழைத்து வருவானேன்? புதினாத் துவையல் போதும்.

பான்கேக் மூன்றாவது. சர்க்கரை போனால் அதிகம் கெட்டுப்போகும் பண்டம் இது. சவ்வு போல இழுபடும், வெளிறிப்போகும். ஒரு கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப் கெட்டித் தயிர், ஒரு முட்டை, ஒரு கரண்டி உருக்கிய வெண்ணெய் என்று போனால் மென்மை திரும்புகிறது. தயிரின் புளிப்பு சமையல் சோடாவுக்கும் வேலை கொடுக்கும். ஆனால் மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு கூடுதலாக விரிகிறது. குறிப்பில் சொன்ன சோடாவில் கால் பங்கைக் குறைக்காவிட்டால் நன்றாக உப்பி, தட்டில் வைத்ததும் அமுங்கி, உள்ளே காய்ந்து போகும். காய்கறியாக முட்டைக்கோஸ் நல்ல தேர்வு, துருவிப் பிழிந்து சேர்க்க வேண்டும். ஊட்டி கேரட் எல்லோருக்கும் முதலில் நினைவு வரும். ஆனால் அது இயல்பிலேயே இனிப்பானது, தனியாகப் போட்டால் பண்டம் மறுபடி இனிப்புப் பக்கம் சாயும். இஞ்சியும் பச்சை மிளகாயும் தாராளமாக இருந்தால் கேரட் அழகாக அடங்கும்.

இவ்வளவு மெனக்கெட்டும் வார நாள் காலையில் பான்கேக்குக்கு நேரமில்லை என்பவர்களுக்கு என் பதில் தேங்காய் ரொட்டி. வெல்லக் கோதுமை தோசைக்கும் பான்கேக்குக்கும் சேர்த்து ஒரே மாற்றாக இதை நான் பரிந்துரைப்பேன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் பல அவர்களை நம்பியே வளர்ந்தன. அவர்களோடு வந்தது இந்த ரொட்டி. எங்கள் அத்தையும் சிறுமியாக அப்படி வந்தவர், பிறகு கொழுந்து பறித்துக் குடும்பத்தை நிறுத்தியவர். நான் பான்கேக்குக்குத் தயிர் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்தில் வந்து நின்று, "எதற்கம்மா இத்தனை பாடு? மாவில் தேங்காயைப் போட்டுத் தட்டு. மலையேறி வேலைக்குப் போனவர்களுக்கு அதுதான் மத்தியானம் வரை நின்றது" என்றார்.

அவர் சொன்னதில் சரக்கு இருக்கிறது. இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, கையாலேயே தடிமனாகத் தட்டி, நடுத்தரத் தீயில் இரு பக்கமும் திட்டுத் திட்டாகக் கறுக்கும் வரை சுட வேண்டும். சர்க்கரை செய்த மென்மைப்படுத்தும் வேலையைத் தேங்காயின் எண்ணெய் செய்துவிடுகிறது. புளிக்க வேண்டாம், சோடா வேண்டாம், உயரம் எதையும் கெடுப்பதில்லை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு ஆகியவற்றை இடித்து எலுமிச்சை பிழிந்த கட்டச் சம்பல் பக்கத்தில் இருந்தால் வேறு கறி தேவையில்லை. சைவம் என்றால் மாசியை விட்டுவிடலாம். ஆறினாலும் சாப்பிடத் தகுந்தது என்பதால் டிபன் பெட்டிக்கும் ஆகிறது. இந்த ஒன்றில் பான்கேக், டோஸ்ட், ஓட்ஸ் மூன்றுமே இதற்குப் பின்னால்தான்.

ராகியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் வரும். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கும் எலும்பு தேயும் வயதினருக்கும் இதைவிட மலிவாக அது கிடைக்காது. அதை வெல்லமும் பாலும் விட்டுப் பாயசம் போலத்தான் கொடுக்க வேண்டும் என்று எப்படியோ ஆகிவிட்டது. கூழில் உப்பும் மோரும் விட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்த ஊர்க்காரர்கள்தானே நாம்? குன்னூர்க் குளிரில் விடியற்காலையில் சில்லென்ற மோர்க்கூழ் தொண்டைக்கு இதமாக இராது, ஒப்புக்கொள்கிறேன். சூடாகவே செய்யலாம். ராகி மாவை வெறும் வாணலியில் வறுத்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிநீரில் ஊற்றிப் பத்து நிமிடமாவது கிளற வேண்டும். நம் கொதிநிலையில் அதற்குக் குறைந்தால் பச்சை வாசனை போகாது. உப்பு, நசுக்கிய பூண்டு, மிளகு. அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே கடைந்த தயிரை விட வேண்டும், கொதிக்கும்போது விட்டால் திரிந்துவிடும்.

கஞ்சி பிடிக்காதவர்களுக்குக் களி இருக்கிறது. நீலகிரியின் படகர் சமூக வீடுகளில் ராகியையும் சாமையையும் அவரைக் குழம்போடு உண்பது பழைய வழக்கம். இந்தக் குளிரில் விவசாய வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த பொருத்தம் அது. முந்தைய இரவின் அவரைக் குழம்பு மீதமிருந்தால் காலைக் களிக்கு வேறென்ன வேண்டும்? பட்டர் பீன்ஸ் கிடைக்கும் காலத்தில் அந்தக் குழம்பின் ருசியே தனி. மாற்றுவதற்கு இது ஓட்ஸ் அளவுக்கு எளிதல்ல, பழக்கமும் வேண்டும். ஆனால் சத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் முதலிடத்தை ராகிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேசரியும் சேமியாப் பாயசமும் உப்புமாவாக மாறுவதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, அது நடந்து பல தலைமுறை ஆகிறது. குழிப்பணியாரமும் ஆப்பமும் காரத்தில் அருமை; மாவு பொங்க வேண்டுமே என்ற கவலை இருப்பதால் கோடை வரும்வரை ஒத்திவைக்கிறேன்.

மாற்றவே கூடாதது என்று நான் நினைப்பது வாழைப்பழம் சேர்ந்த புட்டு. கடலைக் கறியோடு புட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கூடலூர்ப் பக்கம் அன்றாட உணவு. ஆனால் பழனி மலையின் மலைவாழை கனிந்து கையில் வந்த நாளில் அதோடு பிசைந்து தின்பதற்கு ஈடில்லை. விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடு பெற்ற பழம். நோய் தாக்கி ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்து, மெல்ல மீண்டது. அந்தப் பழத்தின் இனிப்பே போதும், மேலே சர்க்கரை தூவாமல் இருந்தால் சரி. புட்டில் சர்க்கரையைத்தான் நீக்க வேண்டும், இனிப்பை அல்ல.

காரத்துக்கு மாறுகிறவர்கள் உப்பின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஒரு தேக்கரண்டிதான். காலையில் சீஸ் டோஸ்ட், பக்கத்தில் ஊறுகாய், மதியம் அப்பளம் என்றால் எளிதில் தாண்டிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் சீஸையும் ஊறுகாயையும் ஒரே தட்டில் சேர்க்காமல், எலுமிச்சை, மிளகு, பூண்டு, மல்லித்தழை ஆகியவற்றின் கையைக் கூட்டினால் உப்பு குறைந்தது தெரியாது.

இத்தனையும் வைத்து எங்கள் வீட்டில் வாரம் ஓடும் முறை இது. பள்ளி நாட்களில் ஓட்ஸ் பொங்கலும் தேங்காய் ரொட்டியும் மாறி மாறி. அத்தைக்கு ராகிக் கஞ்சி, சில நாள் களி. தேங்காய் ரொட்டி சுடும் அன்று அவருக்கும் ஒன்று உண்டு, மாவில் பாதியை ராகியாக்கிவிடுவேன். ஞாயிறு காலை சீஸ் டோஸ்ட். விருந்தினர் வந்தால் முட்டைக்கோஸ் பான்கேக், அன்றைக்குத்தான் நின்று சுட நேரமிருக்கும்.

பிள்ளைகளை ஒரே நாளில் திருப்ப முயல வேண்டாம். கஞ்சியில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவது பலன் தராமல் போகலாம்; சப்பென்ற கஞ்சி பிடிக்காவிட்டால் மறுபடி சர்க்கரை டப்பாவைத்தான் தேடுவார்கள். இனிப்புக் கஞ்சி வேண்டிய நாளில் அதை முறையாக இனிப்பாகவே கொடுங்கள், மற்ற நாளில் வேறு தட்டில், வேறு மணத்தோடு, பூண்டும் நெய்யும் தூக்கலாகக் கார ஓட்ஸை வையுங்கள். இரண்டும் வெவ்வேறு பண்டம் என்று நாக்கு பிரித்துப் பழகிய பிறகு, எது எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டு முடிவு செய்யலாம்.